இந்த வயசுல வராது

எனக்கு முப்பத்து நான்கு வயதாகும்போது மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு வருடம் பிடித்திருக்கிறது. நெஞ்சுவலி என்றால் முதல் நாளே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். உடம்பில் சொல்லக்கூடிய இடம், சொல்லக்கூடாத இடம் என்று இரண்டாகப் பிரித்து வளர்க்கப்பட்டவள் நான்.

முதலில் போனது பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு. டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசியபடியே மருந்துச் சீட்டை எழுதினார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர் சார். சேலையூர்ல. மேத்ஸ்."

"நாள் முழுக்க நிப்பீங்க. பாத்ரூம் போகணுமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டீங்க. பைல்ஸ்தான்."

"வேற ஏதாவது இருக்குமோன்னு ஒரு டெஸ்ட்..."

"இந்த வயசுல வராதும்மா. கூகுள் பண்ணாதீங்க."

கேன்சர் என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எது வராது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆயின்மென்ட் தடவினேன். இசப்கோல் குடித்தேன். ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். துத்திக்கீரையை நெய்யில் வதக்கிச் சாப்பிட்டேன். வாரம் இரண்டு நாள் கருணைக்கிழங்கு. ரத்தம் சில வாரம் நிற்கும், பிறகு வரும். எடை குறைந்தது. "ஸ்லிம் ஆயிட்டீங்க மிஸ், என்ன டயட்?" என்று கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன்.

தாம்பரத்தில் இரண்டாவது டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். எடை குறைவதைச் சொன்னேன். "அவனவன் வெயிட் குறைக்க ஜிம்முக்குப் பணம் கட்டறான், உங்களுக்குச் சும்மாவே குறையுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கும்போது நாம் சிரிக்காமல் இருந்தால் மரியாதைக் குறைவு.

இப்படிப் பதினான்கு மாதம் போயிற்று.

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், போர்டில் கோணத்தைப் போட்டுவிட்டுத் திரும்பியவள் அப்படியே விழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பணியில் இருந்த பெண் டாக்டருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். எவ்வளவு நாளாக ரத்தம் போகிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"யாராவது கைய வெச்சுப் பாத்தாங்களா?"

"எங்க?"

அவள் திரையை இழுத்துவிட்டுக் கையுறையை மாட்டினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்கு மாதமாக யாருக்கும் கிடைக்காத அரை நிமிடம். கையை எடுத்ததும் அவள் என்னை "மேடம்" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அக்கா, நாளைக்கே கோலனோஸ்கோபி பண்ணிடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றாள். அந்த "அக்கா"வில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மலக்குடலில் புற்றுநோய். மூன்றாம் நிலை. நகருக்குள் இருந்த ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர் எனக்கும் கணவருக்கும் படம் வரைந்து விளக்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய நிதானமான மனிதர். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இந்த வயசுல வராதுன்னு சொன்னாங்களே சார்?"

அவர் பேனாவை மூடினார். "நான் படிச்ச காலத்துல நானும் அப்படித்தான் படிச்சேன்மா. முப்பது, முப்பத்தஞ்சு வயசுல ஒருத்தர் வந்தா ஜூனியர் டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாங்க. இப்போ யாரையும் கூப்பிடறதில்லை. வாரா வாரம் வர்றாங்க."

"ஏன் சார்?"

"சாப்பாடு, தூக்கம், உடம்பு அசையாதது, வேற என்னென்னவோ சொல்றாங்க. உங்களுக்கு ஏன் வந்ததுன்னு கேட்டா, எனக்குத் தெரியலைன்னுதான் நேர்மையா சொல்ல முடியும்."

என்னிடம் தெரியவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சூடான சாம்பாரை நான் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போனதுதான் காரணம் என்றார் என் அண்ணி. மைக்ரோவேவ் என்றார் பெரியப்பா. லேட்டாகக் கல்யாணம், லேட்டாகக் குழந்தை என்றாள் ஒரு சித்தி. மலக்குடலுக்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு என்று அவளும் யோசிக்கவில்லை. அவர்களுக்கு என்மேல் வெறுப்பு இல்லை. காரணம் ஒன்று கிடைத்துவிட்டால், அதைத் தாங்கள் செய்யவில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். அவ்வளவுதான்.

இவ்வளவு பேருக்குத் தெரிந்த பிறகுதான் மாமியார் கதவைச் சாத்தி உட்காரவைத்துப் பேசினார். என் நாத்தனாருக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெருங்கின சொந்தத்தோட நிக்கட்டும். அபார்ட்மென்ட்ல, ஸ்கூல்ல யாருக்கும் சொல்ல வேணாம். குடல்ல புண்ணு, ஆபரேஷன்னு சொல்லிக்கலாம். குடும்பத்துல கேன்சர்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நல்லவர். கதிர்வீச்சு நாள் ஒன்றைக்கூட விடாமல் லீவு போட்டுக் கூட வந்தவர். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார். நாத்தனாருக்கும் எனக்கும் ரத்த உறவே கிடையாது. என் குடலில் வந்தது அவள் உடம்புக்கு எந்த வழியிலும் போக முடியாது. கணக்கு டீச்சருக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை. பள்ளியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குத் தனியாக இருந்தது. மாமியார்மேல் பழியைப் போட்டுவிட்டு என் பயத்தை அதற்குள் ஒளித்து வைத்தேன்.

கதிர்வீச்சு முடிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வயிற்றில் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தேன். குடல் ஆறும்வரை மலம் அந்தப் பையில் சேரும். தொளதொளவென்று சுடிதார் தைத்துக்கொண்டேன். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ. என் மருந்துக்கு முடி மொத்தமாகக் கொட்டாது, மெலிந்ததோடு நின்றது. பொய் நிலைத்தது அதனால்தான். ஆனால் குளிர்ந்த எதையும் தொட முடியாது. ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தால் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் சுரீரென்று இழுக்கும்.

கீமோ கூடத்தில் முதல் நாள் பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னிடம் கேட்டார். "யாருக்கும்மா? அம்மாவுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. வயதானவர்களுக்கு எங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர்கள் வரிசையில் நாங்கள் முண்டியடித்து நுழைந்துவிட்ட மாதிரி. நாங்கள் என்றால் நிறையப் பேர். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மருந்து ஏற்றிக்கொள்ளும் பெண், திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டும் இருபத்தேழு வயது இளைஞன், நிச்சயதார்த்த மோதிரத்தை விரல் வீக்கத்தால் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஒருத்தி. தலை நரைத்தவர்களை எண்ணினால் பாதிதான் தேறியது.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். முப்பது வயது. தலையில் ஒரு முடிகூட இல்லை. துணியை மடித்துக் கட்டியிருந்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவன், அவள் மீன் விற்கிறவள். என் கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்றாவது முறை குத்தியபோது எதிர் நாற்காலியிலிருந்து அவள்தான் பேசினாள்.

"கைய தொங்கப் போட்டுக்கினு நல்லா மூடித் தொறக்கா. நரம்பு தன்னால வரும்."

வந்தது.

"இன்னா வேலைக்கா பாக்கற?"

"டீச்சர்."

அன்றிலிருந்து "டீச்சர்" ஆனேன். அடுத்த முறை வந்தபோது எனக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். அவளுக்கு மார்பில். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது.

"பால் கட்டிக்கினு கீது, நல்லா குடுன்னாங்க. வூட்ல மாமியா மல்லிப்பூவ வெச்சிக் கட்டிச்சி. அப்பால ஒரு டாக்டராண்ட காட்டினேன். ஒனக்கு இன்னா வயசு, இருபத்தொம்போதா, ஒண்ணும் கெடையாது போன்னுட்டாரு. நானும் சந்தோசமா பூட்டேன்."

"நானும்தான்" என்றேன்.

இருவரும் சிரித்தோம். அந்த நோய் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கூடத்தில்தான். வீட்டில் சிரித்தால் எல்லாரும் கவலையோடு பார்ப்பார்கள்.

அவள் பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டவள் இல்லை. மைக்ரோவேவைக் கண்ணால் பார்த்ததில்லை. இருபது வயதில் கல்யாணம், மூன்று குழந்தை, மூன்றுக்கும் தாய்ப்பால். தினமும் தலையில் கூடையோடு மைல் கணக்கில் நடந்தவள். மீனும் கஞ்சியும் தின்று வளர்ந்த உடம்பு. அவளுக்கும் அவள் குப்பத்தில் காரணம் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்களாம். மைக்ரோவேவைவிட அது மோசமான காரணம் இல்லை.

எனக்கு மூன்றாவது கீமோ முடிந்த பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அடுக்ககத்து கேட்டில் மீன் வந்திருக்கிறது என்று பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு மகள் அடம் பிடித்தாள். இறங்கிப் போனேன். நாலைந்து பெண்கள் அன்னக்கூடையைச் சுற்றி நின்றிருந்தார்கள். சங்கரா மீன், புதுசு. நான் குனிந்து ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன்.

"டீச்சர், ஐஸு" என்றது ஒரு குரல். "உங்களுக்குத்தான் சில்லுனு எதுலயும் கைய வெக்கக் கூடாதே."

நிமிர்ந்தேன். அவள்தான். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க இங்கதான் கீறீங்களா? கேளம்பாக்கம் பக்கம் இப்ப ஏவாரம் இல்ல. அதான் பஸ்ஸு புடிச்சி இந்தாண்ட வந்துகினு கீறேன். ஒடம்பு எப்டி கீது?"

பக்கத்தில் மூன்றாம் மாடிக்காரி நின்றிருந்தாள். நாத்தனாருக்கு வந்திருந்த வரனே அவள் வழியாக வந்ததுதான். "என்ன ஐஸ்ல கை வெக்கக் கூடாது?" என்று என்னைப் பார்த்தாள்.

"தெரியலயே" என்றேன். "யாரையோ நினைச்சுப் பேசறாங்க போல. எனக்கு இவங்களைத் தெரியாது."

குரல் நடுங்கவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு தராசைச் சரி செய்தாள்.

"ஆமாங்க, தப்பா நெனச்சிக்கினேன். அந்தக்கா இன்னும் கொஞ்சம் செவப்பா இருப்பாங்க."

அதோடு முடிந்திருக்கலாம். மூன்றாம் மாடிக்காரி விடவில்லை. "உனக்கு என்னம்மா, தலையில துணி? மொட்டையா? வேண்டுதலா?"

ஆமாம், வேண்டுதல் என்று சொல்லியிருந்தால் போதும். எனக்காக ஒரு பொய் சொன்னவள் தனக்காகச் சொல்லவில்லை. "இல்லீங்க, கேன்சரு. மாருல. ஊசி போட்டதுல கொட்டிக்கிச்சி" என்றாள், மீனுக்கு விலை சொல்வதுபோல.

"அய்யோ பாவம்" என்றார்கள். "சின்ன வயசாச்சே" என்றார்கள். ஒருத்தி கையில் எடுத்திருந்த மீனை மெதுவாகக் கூடையில் வைத்தாள். இன்னொருத்திக்குக் குக்கர் ஞாபகம் வந்தது. மூன்றாம் மாடிக்காரி, இன்று சஷ்டி, மறந்தே போய்விட்டேன் என்றாள். இரண்டு நிமிடத்தில் கூடைக்கு முன்னால் நானும் என் மகளும் மட்டும்தான் நின்றோம்.

அது ஒட்டிக்கொள்ளாது என்று அந்த அடுக்ககத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பால்கனிகளில் ஆட்கள் இருந்தார்கள். நான் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். ஏன் மீன் வாங்கவில்லை என்று அவள் கேட்டாள். மீன் நன்றாக இல்லை என்று சொன்னேன்.

அடுத்த கீமோவுக்குப் போனபோது நாற்காலி பிடித்து வைக்கப்படவில்லை. நானே அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாத்தனார் கல்யாணம், பள்ளி வேலை, மூன்றாம் மாடிக்காரி எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன். அவள் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுன்னு சொன்னியே, அத்த வுடு டீச்சர். உன் கஸ்டம் உனக்கு. ஆனா ஒரு கிலோ வாங்கியிருக்கலாம். தெரியாதவங்க கைலயும் மீனு வாங்கலாமில்ல?"

அவள் சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் சொல்வாள். என் வாயைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள். அவள் கேள்வி கேட்காத பிறகுதான், நோயைப் பற்றி என்னிடம் சாதாரணமாகக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள் என்பது எனக்கு உறைத்தது.

எனக்குக் கீமோ முடிந்தது. சில மாதம் கழித்துப் பையை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். அவளுக்கு நுரையீரலுக்குப் போய்விட்டது என்று மட்டும் ஒரு நர்ஸ் மூலம் தெரிந்தது. போன் செய்ய வேண்டும் என்று தினமும் நினைத்து ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். செய்தபோது அவள் புருஷன் எடுத்தான்.

"ஊசி டீச்சருங்களா?" என்றான். போனில் என்னை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாளாம். "அவ பூட்டா டீச்சர். பதினோரு நாளாச்சி."

மறுநாள் பெருங்களத்தூரில் பஸ் ஏறிக் கோவளத்துக்குப் போனேன். வீட்டில் அவள் மாமியார் மட்டும் இருந்தார். கடைசிக் குழந்தை ஓடி வந்து என் துப்பட்டாவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் போக்கில் போயிற்று. அந்த அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உனக்கும் அதே நோவுதானா?"

"ஆமாம்மா. எனக்கு வேற இடத்துல."

"உனக்கு எப்டி செரியாச்சி?"

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார். என் கட்டி மெதுவானது, அவளுடையது வேகமானது என்று சொல்லலாம். பாலூட்டும் மார்பில் கட்டியைக் கண்டுபிடிப்பது கடினம் என்று சொல்லலாம். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"எங்க வூட்டு பொண்ணு உன்ன வுட சின்னவ" என்றார் அவர்.

நாத்தனார் கல்யாணம் நடந்தது. மூன்றாம் மாடிக்காரி கொண்டுவந்த வரன்தான். நான் பட்டுப்புடவை கட்டி வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன். ஒரு வருடம் ஆன பிறகு, இனிமேலாவது சொல்லிக்கொள்ளலாமா என்று நாத்தனாரிடம் கேட்டேன். "இப்போ என்ன அவசரம் அண்ணி? எனக்கு ஒரு குழந்தை பிறக்கட்டுமே" என்றாள்.

போன வருடம் ஸ்டாஃப் ரூமில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர், முப்பத்தொரு வயது, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். "எனக்கும் பைல்ஸ் போல மிஸ். ஒரு மாசமா ரத்தமா போகுது." உடனே துத்திக்கீரை ஆரம்பித்தது. நான் எழுந்து கதவைச் சாத்தினேன். எனக்கு வந்தது புண் இல்லை, கேன்சர் என்று சொன்னேன். பதினான்கு மாதத்தையும் சொன்னேன். பையைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. முடித்ததும் ஒருத்தி, "அப்போ அன்னிக்கு எங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து என் டப்பாவிலிருந்து யாரும் ஊறுகாய் எடுத்துக்கொள்வதில்லை. கரஸ்பான்டென்ட் கூப்பிட்டு, பேரண்ட்ஸ் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேலை போகவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அதில் பாதிகூட நடக்கவில்லை. அதை நினைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கசக்கிறது.

கம்ப்யூட்டர் டீச்சரை நான் விடவில்லை. தினமும் கேட்டு, திட்டி, ஒரு சனிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போய்க் கோலனோஸ்கோபி எடுக்க வைத்தேன். அவளுக்கு அது பைல்ஸ்தான். வெறும் பைல்ஸ்.

திங்கட்கிழமை ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்தாள். "ரெண்டு வாரமா எங்க வீட்ல யாரும் ஒழுங்கா சாப்பிடல மிஸ். எங்கம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்க. உங்களுக்கு வந்ததுன்னா எல்லாருக்கும் வந்துடுமா?"

"இல்லைன்னு தெரிஞ்சது நல்ல விஷயம்தானே" என்றேன்.

"நல்ல விஷயம்தான்" என்றாள். அதற்குப் பிறகு ஜன்னலோர மேசைக்கு மாறிக்கொண்டாள். இப்போது குட்மார்னிங் மட்டும் உண்டு.

அவள் திரும்ப எடுத்துக்கொள்வதற்குள் அந்த ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். கட்டி எதுவும் இல்லை என்று எழுதியிருந்த வரியை இன்னொரு முறை. எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தது பொறாமை. மகிழ்ச்சி அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் வந்தது, அதுவும் கொஞ்சமாக.